ஒட்டகமலையின் இரண்டாவது திமில்

நான் இருபத்திரண்டு வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். சமவுயரக் கோடு, அளவுத்திட்டம், திசைகோள் என்று எதைக் கேட்டாலும் என் மாணவர்கள் தூக்கத்திலும் பதில் சொல்வார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் மூன்று கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிழையான மலையில் ஏற்றினேன். முழுப் பிழை என்றும் சொல்ல முடியாது, பாதி சரியான மலை.

நாங்கள் நான்கு பேரும் ஓ.எல். பரீட்சை வரை ஒரே வகுப்பு. ஒருவன் சாய்ந்தமருதில் படகு வைத்திருக்கிறான். படகை நடத்துகிறவனை எங்கள் கரையில் தண்டயல் என்போம். ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும். இன்னொருவனுக்குச் சம்மாந்துறையில் அரிசி ஆலை. மூன்றாமவன் சவூதியில் பதினாறு வருடம் சமையல் வேலை செய்துவிட்டு வந்து கல்முனையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். அவன் வாயைத் திறந்தால் மூன்றாவது வசனத்தில் ரியாத் வந்துவிடும். எல்லாருக்கும் ஐம்பது நெருங்கிவிட்டது. எனக்கு மட்டும் தலைமுடி மிச்சம் இருக்கிறது, அதை நான் அடிக்கடி சொல்லிக் காட்டுவதுண்டு.

ஒட்டகமலை கரையில் நின்றால் தெரியாது. தென்னையும் வீடுகளும் மறைத்துவிடும். படகில் ஐந்தாறு மைல் கிழக்கே போய்த் திரும்பிப் பார்த்தால்தான் வயல்களுக்கும் காட்டுக்கும் அப்பால் நீலமாக எழும்பும். இரண்டு திமில், நடுவில் ஒரு பள்ளம். பள்ளிவாசல் மினாராவை அந்தப் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினால் படகுக்குக் கீழே கல்லுப் பார் இருக்கும். பார் என்பது மீன் கூடும் பாறை நிலம். இப்போது எல்லாப் படகிலும் ஜீபிஎஸ் இருக்கிறது. தண்டயலிடமும் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்த பிறகும் அவன் ஒருதரம் தலையைத் திருப்பி மலையைப் பார்ப்பான்.

சவூதிக்காரனுக்கு அந்தப் பெயரே பிடிக்காது. "பதினாறு வருசம் ஒட்டகத்துக்குப் பக்கத்தில இருந்து வந்தவன் நான். அதுக்கு ஒரு திமில்தான். ரெண்டு திமில் எங்க கண்டயள்? பேர மாத்துங்கடா" என்று ஊருக்குத் திரும்பி வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எட்டு வருடத்துக்கு முன் தண்டயலின் படகு இயந்திரம் நடுக்கடலில் நின்றுபோனது. படகில் அவனும் அவன் மனைவியின் தம்பியும் மட்டும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அவர்களை வெளியே தள்ளிக்கொண்டு போனது. நான்கு நாள். மூன்றாம் நாளோடு தண்ணீர் முடிந்துவிட்டது. கரையில் நாங்கள் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவர்களுக்காகக் கையேந்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்தோம். ஐந்தாம் நாள் விடியலில், மேகத்துக்குக் கீழே, நூல் மாதிரி மெல்லிசாக இரண்டு திமில் தண்டயலின் கண்ணில் பட்டது.

"மச்சான், மலை தெரியுது" என்றானாம்.

உப்பிலும் வெயிலிலும் கண் வீங்கி, படகின் அடியில் கிடந்த மச்சினன், "எனக்குத் தெரியல்ல" என்றானாம்.

"உனக்குத் தெரியத் தேவல்ல. எனக்குத் தெரியுது. நீ படுத்திரு."

காற்றும் திரும்பியிருந்ததால் படங்குத் துணியைக் கிழித்துப் பாய் கட்டி, பலகையால் வலித்து, அந்த மலையை நோக்கியே வந்திருக்கிறார்கள். பின்னேரம் எங்கள் ஊர்ப் படகு ஒன்று அவர்களைக் கண்டது. அந்த விடியலில் தண்டயல் ஒரு நேர்ச்சை வைத்திருந்தான். கரை சேர்ந்தால் அந்த மலை உச்சியில் நின்று இரண்டு றக்அத், தொழுகையில் இரண்டு சுற்று, தொழுவேன் என்று. ஊருக்கு வந்ததும் மௌலவியிடம் கேட்டான். இடம் முக்கியமில்லை, பள்ளிவாசலிலேயே தொழுதால் நேர்ச்சை நிறைவேறிவிடும் என்று அவர் சொன்னார். அவனும் தொழுதான். மார்க்கக் கடமை அதோடு முடிந்தது, மனதுக்குள் மட்டும் முடியவில்லை.

இந்த முறை நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் சவூதிக்காரனின் கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். தண்டயல் இடது காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தான். முழங்கால் தேய்ந்துவிட்டதாம், சீக்கிரம் ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம், அதற்குப் பிறகு மலையேறுவதை மறந்துவிடச் சொல்லியிருக்கிறாராம் டொக்டர். அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பிறகு கோப்பைக்குள் பார்த்தபடி, "அப்ப அந்த ஒட்டகம் போன மாதிரித்தான்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யாரோடு கோபம் என்று தெரியவில்லை. "அது என்னத்துக்குப் போற? பள்ளிக்கூட லீவு இரிக்கி. அடுத்த கிழமை ஏறுறம்" என்று மேசையில் தட்டினேன். பிளேன்ரீ சிந்தியது.

அன்றிரவே வரைபடத்தை விரித்தேன். கல்லுப் பாரின் இடத்தைத் தண்டயல் ஜீபிஎஸ்ஸில் பார்த்துச் சொல்லியிருந்தான். அங்கிருந்து பள்ளிவாசலுக்கு ஒரு கோடு. அதை அப்படியே மேற்கே நீட்டினால் மலை. அடிமட்டத்தை, அதாவது அளவுகோலை, வைத்துக் கோட்டைக் கீறினேன். கோடு ஒரு மலையின் மேல் நேராகப் போனது. அதன் உச்சியில் சமவுயரக் கோடுகள் இரண்டு சின்ன வட்டங்களாக மூடியிருந்தன. இரண்டு திமில். சிவப்புப் பேனையால் சுற்றி வளைத்தேன். எனக்கிருந்த சந்தோசத்தில், அந்த இடத்தோடு என் அடிமட்டம் முடிந்துவிட்டதையும், அதற்கு அப்பால் கோட்டை நான் நீட்டவே இல்லை என்பதையும் யோசிக்கவில்லை.

மூன்று பேருக்குக் குறையாமல் பயணம் போனால் ஒருவரை அமீராக வைப்பது எங்கள் வழக்கம். அமீர் சொன்னால் மற்றவர்கள் தட்டக் கூடாது. என்னை அமீராக்கினார்கள். அமீராக இல்லாவிட்டாலும் இவன்தான் கத்தப் போகிறான், அதைப் பதவியோடு கத்தட்டும் என்று ஆலைக்காரன் சொன்னான். விடியல் தொழுகையான சுபஹைத் தொழுதுவிட்டு, வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் ஏறினோம். அமீராக நான் போட்ட முதல் கட்டளையே எடுபடவில்லை. சவூதிக்காரன் தன் கடையிலிருந்து பெரிய சஹனைக் கொண்டுவந்திருந்தான். கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற அலுமினியத் தட்டு அது. "இத மலைக்கா?" என்று கத்தினேன். "தனித்தனித் தட்டில சாப்பிட நான் ஆசுபத்திரிக்கா போறன்?" என்று கேட்டுவிட்டு அதை முதுகில் கட்டிக்கொண்டான். நான்கு நாளும் அவன் முன்னால் நடந்தால் பின்னால் வருகிறவனுக்குக் கண் கூசியது.

மலையடிக் கிராமத்தில் ஆலைக்காரனுக்கு நெல் விற்கிற சிங்களக் கமக்காரர் ஒருவர் இருந்தார். காட்டுக்குள் போக அனுமதியும் எடுத்துக் கொடுத்து, வழிகாட்டவும் அவரே வந்தார். ஆலைக்காரன் அவரை "அய்யே" என்று கூப்பிட்டான், சிங்களத்தில் அண்ணன். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நான் வரைபடத்தைக் காட்டியபோது அவர் என் சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மலையா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். ஓம் என்றேன். கொஞ்சம் பொறுத்து, "இது மட்டுமா?" என்றார். நான் புவியியல் ஆசிரியன் என்று ஆலைக்காரனைக் கொண்டு சிங்களத்தில் சொல்லவைத்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அந்த முதல் நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் உற்சாகமும் சேர்ந்து வரும். காடு வெட்டிப் பயிரிட்ட சோளச் சேனைகளைத் தாண்டி, யானை வேலியின் இடைவெளியால் புகுந்து, காட்டு வழியில் நடந்தோம். ஓர் இடத்தில் யானை லத்தி ஆவி பறந்துகொண்டிருந்தது. அய்யே கையைக் காட்டியதும் நால்வரும் மூச்சுவிடாமல் நின்றோம். புதருக்குள் ஏதோ முறிந்த சத்தம் தூரமாகப் போய் ஓய்ந்த பிறகு, யார் அதிகம் பயந்தது என்று அரை மணித்தியாலம் சண்டை பிடித்தோம். ஆற்றைக் கண்டதும் உடுத்திருந்த சாரத்தோடு பாய்ந்தோம். தண்டயல் ஆற்று மீனைக் குனிந்து பார்த்து, "இதுக்கு வலை என்னத்துக்கு, கரண்டி போதும்" என்றான். மாலையில் ஆற்றங்கரைப் பாறையில் சவூதிக்காரன் சோறாக்கி, கருவாடு பொரித்து, மாசிச் சம்பல் வைத்துச் சஹனில் கொட்டினான். அய்யேயும் எங்களோடு சுற்றியிருந்து, தன் பங்கைத் தன் பக்கமாகவே எடுத்து அழகாகச் சாப்பிட்டார். ஐந்து கையும் ஒரே தட்டில். சஹனைப் பற்றி நான் பிறகு ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ஏறினோம். பாதிக்கு மேல் வெறும் பாறை. தண்டயல் ஒரு தடியை ஊன்றி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து ஏறினான். நிற்கச் சொன்னால் நிற்கமாட்டான். படகில் எங்களைச் சும்மா இருக்கச் சொல்லி அவன் எப்படி அதட்டுவானோ அப்படி இங்கே நான் அதட்டிக்கொண்டு வந்தேன். நண்பகல் தொழுகையான லுஹருக்குக் கொஞ்சம் முன்னால் உச்சியை மிதித்தோம். காற்று ஆளைத் தூக்கியது. சவூதிக்காரன் சஹனைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினான். ஆலைக்காரன் பாறையில் மல்லாக்கப் படுத்துவிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தண்டயல் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், மற்றத் திமில் எங்க?"

நான் வரைபடத்தை விரித்தேன். இரண்டு சின்ன வட்டங்கள். உச்சியில் அவை எவை என்று தேடிப் பார்த்தால் ஒன்று நாங்கள் நின்ற பாறை, மற்றது முப்பது அடி தள்ளி, இடுப்புயரத்தில் இன்னொரு பாறை. நடுவில் ஒரு எருமை படுக்கிற அளவுக்குப் பள்ளம். "இதுதான்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை. அய்யே மேற்குப் பக்கம் போய் நின்று கையை நீட்டினார். அகலமான ஒரு பள்ளத்தாக்குக்கு அப்பால், ஒரு நாள் நடைத் தூரத்தில், இன்னொரு மலை தனியாக நின்றது.

எனக்கு உடனே விளங்கியது. சிவப்புக் கோட்டைக் கண்ணால் நீட்டிப் பார்த்தேன், அந்த மலைக்குப் பக்கத்தால் உரசிக்கொண்டு போனது. கடலில் இருந்து பார்ப்பவனுக்கு முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் ஒட்டி ஒன்றாகத் தெரியும். அவன் இடையிலே பார்க்கிற பள்ளம் இந்தப் பள்ளத்தாக்கின் மேலே இருக்கிற வெறும் ஆகாயம். ஒட்டகமலை என்று ஒரு மலை தரையில் எங்குமே இல்லை.

இதை நான் அப்போதே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கொள்ளவில்லை. சோறு ஒரு நாளைக்குத்தான் இருந்தது, வான் நாளைக்கு வரும், இவன் முழங்கால் இப்போதே இப்படி. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். உண்மையான காரணம் வெட்கம். "இதுதான் மலை. தொழு" என்றேன்.

"அமீர் சொன்னாச் சரி" என்றான் தண்டயல். போத்தல் தண்ணீரில் முகம் கை கால் கழுவி வுளுச் செய்தான். தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்தான், நான்கு மூலைக்கும் கல் வைத்தான். நின்றான். கைகள் பக்கத்திலேயே தொங்கின. தொழுகையைத் தொடங்கும் தக்பீருக்குக் கை உயரவில்லை. நீண்ட நேரம் நின்றுவிட்டு அப்படியே குந்தினான்.

"ஏலா மச்சான்" என்றான் மெதுவாக. "அல்லாஹ்வுக்குத் தெரியும், இஞ்ச தொழுதாலும் சரிதான். ஆனா நான் தண்டயல். பிழையான மலையச் சரியெண்டு வெச்சா படகு எங்க போகும் எண்டு எனக்குத் தெரியும்." பிறகு எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "பரவால்ல. பாதி ஒட்டகம் கண்டது போதும். இறங்குவம்."

சவூதிக்காரன் நிலைமையைச் சரியாக்க நினைத்து, "ஒரு றக்அத்த இஞ்ச தொழு, மத்தத அங்க தொழு" என்றான். ஆலைக்காரன் படுத்தபடியே, "ஸலாம் குடுக்காம ராவு முழுக்கக் காட்டுக்கால நடப்பானா?" என்று கேட்டான். ஸலாம் கொடுத்தால்தான் ஒரு தொழுகை முடியும். எல்லாரும் சிரித்தோம். நான்தான் முதலில் நிறுத்தினேன்.

"பிழை என்னிலதான்" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு வகுப்பிலும் சொல்லாத வசனம். "அடிமட்டம் முடிஞ்ச இடத்தில மலையும் முடிஞ்சிட்டெண்டு நினைச்சிட்டன். அமீர் சொல்றன், ஒருத்தரும் இறங்கப் போறல்ல. மற்றத் திமிலுக்குப் போறம்."

தண்டயல் வேண்டாம் என்றான். அமீர் சொல்லைத் தட்டக் கூடாது என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவனை அடக்கினோம். சவூதிக்காரன் சஹனைத் திரும்பவும் முதுகில் கட்டியபடி, "எப்பிடியோ, ஒட்டகத்துக்கு ஒரு திமில்தான் எண்டு இப்பவாவது விளங்கிச்சா?" என்று கேட்டான். இத்தனை வருடச் சண்டையில் அவன் வென்ற நாள் அது. அய்யேயிடம் ஆலைக்காரன் சிங்களத்தில் சொன்னதும், அவர் ஆச்சரியப்படவே இல்லை. இது மட்டுமா என்று முதல் நாளே கேட்டேனே என்றாராம்.

உச்சியில் போனுக்கு சிக்னல் இருந்தது. வான்காரனுக்கும் வீட்டுக்கும் சொன்னோம். "ரெண்டு ராவு எண்டுதானே போன?" என்றாள் என் மனைவி. பாதி ஒட்டகத்தில்தான் ஏறியிருக்கிறோம், மிச்சப் பாதிக்குப் போகிறோம் என்றேன். அவள், தலைக்குத் தொப்பி போட்டீர்களா என்று கேட்டாள்.

மூன்றாம் நாள்தான் கடினமான நாள். பள்ளத்தாக்கில் வழி என்று ஒன்று இல்லை. முள்ளும் உண்ணியும். தண்டயலின் முழங்கால் வீங்கிப் பந்தாகிவிட்டது. ஆலைக்காரன் தன் நல்ல சாரத்தைக் கிழித்து அதை இறுக்கிக் கட்டினான். தண்டயலின் பையை நான் வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டேன். சோறு குறைவாக இருந்ததால் சவூதிக்காரன் கஞ்சியாக்கினான். அதைச் சஹனில் ஊற்றிவிட்டு எப்படிக் குடிப்பது என்று எல்லாரும் அவனைப் பார்த்தோம். இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு உள்ளுக்குள் உற்சாகம் பொங்கிக்கொண்டே இருந்தது. வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். மரங்களுக்கு மேல் அந்த மலை வரும், மறையும், திரும்பவும் வரும்போது கொஞ்சம் பெரிதாக வரும். "அந்தா, அந்தா" என்று நான்தான் எல்லாருக்கும் முதலில் சொன்னேன். பின்னேரம் இடிமழை கொட்டியது. மலையடிவாரத்துப் பாறைக் குகையில் நனைந்துபோய் ஒண்டிக்கொண்டு, பெருநாள் மிச்சத் தொதல் இனிப்பை ஐந்து துண்டாக வெட்டித் தின்றோம்.

நான்காம் நாள் சுபஹ் தொழுததும் ஏறத் தொடங்கினோம். மழை கழுவிவிட்ட ஆகாயம். தண்டயலின் ஒரு கையில் தடி, மற்றக் கை என் தோளில். கடைசிப் பாறையில் தண்டயல் தடியை எறிந்துவிட்டு நான்கு காலில் ஏறினான். நாங்கள் கீழேயிருந்து தள்ளினோம். உச்சிக்கு வந்ததும் அவன் எழுந்து நின்று கிழக்கே பார்த்தான். நேற்று முந்தின நாள் நாங்கள் நின்ற மலை கீழே முன்னால் நின்றது. அதற்கு அப்பால் காடு, குளங்கள், பச்சை வயல், கடைசியில் ஒரு வெள்ளிக் கோடு. கடல்.

அவன் முஸல்லாவை விரித்தான். கடலில் தொழும்போதெல்லாம் மக்காவை நோக்கிய கிப்லாப் பக்கமாக அவனுக்கு முன்னால் இந்த மலைதான் இருக்கும். இன்றைக்குக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான், முன்னால் பெயர் தெரியாத மலைகள். இந்தத் தடவை கை உடனே உயர்ந்தது. நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸுஜூதுக்குப் போகும்போது முழங்கால் நோவில் முகம் சுருங்கியதைக் கண்டேன். போய்ப் பிடிக்க எழும்பி, பிறகு உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது றக்அத்தின் ஸுஜூதில் அவன் நெடுநேரம் கிடந்தான். நான் அழுதேன், மறைக்கவும் இல்லை.

ஸலாம் கொடுத்ததும் அவன் போனை எடுத்தான். மச்சினன் அன்றைக்குப் படகில், கல்லுப் பாரில். ஸ்பீக்கரில் இயந்திரச் சத்தமும் காற்றும் இரைந்தன.

"எங்க நிக்கிற?" என்று கேட்டான் தண்டயல்.

"பாரில. என்ன, வந்திட்டயளா?"

"மலையப் பாரு. பள்ளம் தெரியுதா?"

"தெரியுது. மினாரா நடுவில நிக்கிது. இண்டைக்கி நல்ல தெளிவு."

"பின்னால நிக்கிற திமில்ல நான் நிக்கிறன்."

இயந்திரச் சத்தம் நின்றது. மச்சினன் அதை நிறுத்திவிட்டான். அலை படகில் மோதுகிற சத்தம் மட்டும் எங்கள் உச்சியில் கேட்டது. சவூதிக்காரன் அவசரமாகச் சஹனை அவிழ்த்து வெயிலுக்குப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினான். "மின்னுதா? கேளு, மின்னுதா?"

பிறகு மச்சினனின் குரல் உடைந்து வந்தது.

"மலை தெரியுது மச்சான். ரெண்டு திமிலும் தெரியுது. உன்னத்தான் தெரியல்ல."

"என்னத் தெரியத் தேவல்ல" என்றான் தண்டயல். "மலையப் பாத்து வா."